'க்ரோ அப்': அந்த 'அப்' எதற்கு?

நேர்முகத் தேர்விலும், வெளிநாட்டுக்காரரோடு முதல்முறை பேசும்போதும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: 'வேர் டிட் யூ க்ரோ அப்?' எந்த ஊரில் வளர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி புரிந்துவிடும். பதில் சொல்லும்போதுதான் நாக்கு பிசகும். 'ஐ வாஸ் க்ரோன் அப் இன் ஈரோடு' என்பார் ஒருவர். 'மை கிராண்ட்மதர் க்ரூ மீ அப்' என்பார் இன்னொருவர். சொல்ல வந்தது கேட்பவருக்குப் புரிந்துதான் போகும், ஆனால் இரண்டு வாக்கியங்களும் ஆங்கிலத்தில் நிற்காது. 'ஐ க்ரூ அப் இன் ஈரோடு', அவ்வளவுதான். பாட்டியைச் சொல்ல வேண்டுமானால் 'மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்'.

ஏன் அப்படி என்று பார்ப்பதற்கு முன், அந்த 'அப்' என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 'க்ரோ' என்றாலே வளர்வதுதான். அதன் பின்னால் எதற்கு ஒரு 'மேலே'? உயரமாக வளர்வதால் 'அப்' என்று பள்ளியில் சிலர் சொல்லித் தந்திருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த விளக்கம் அதிக தூரம் போகாது. 'ஈட் அப்' என்றால் மேலே பார்த்துச் சாப்பிடுவதா? 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்', 'டிரை அப்', 'டியர் அப்' என்று எத்தனையோ 'அப்'கள் இருக்கின்றன. ஒன்றிலும் மேல் கீழ் கிடையாது. 'ஈட் யுவர் ரைஸ்' என்றால் சோற்றைச் சாப்பிடு. 'ஈட் அப் யுவர் ரைஸ்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. காகிதத்தை 'டியர்' செய்தால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கலாம். 'டியர் அப்' என்றால் சுக்குநூறு. கிணறு 'டிரை அப்' ஆனால் வற்றியேவிட்டது.

தமிழ் காதுக்கு இது புதிதல்ல. நம்முடைய 'விடு' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் இந்த 'அப்' செய்கிறது. 'குடி', 'குடித்துவிடு'. 'வற்றியது', 'வற்றிவிட்டது'. வினையோடு ஒட்டிக்கொண்டு, காரியம் பாதியில் நிற்கவில்லை, அதன் கடைசிவரை போய்விட்டது என்று காட்டும் சொல் அது. நமக்கு இந்த வகையில் செல்வம் அதிகம். 'படித்துத் தள்ளினான்', 'எழுதித் தீர்த்தான்', 'போட்டு வைத்தான்' என்று துணைவினைகளாலேயே பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலேயர் அதே வேலைக்கு 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஆன்' போன்ற சின்னச் சொற்களை வினைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இப்படி அமையும் கூட்டு வினையைத்தான் இலக்கணப் புத்தகங்கள் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கின்றன. 1755-ல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, அயலாரை மிகவும் திணறடிப்பது இந்த வகைச் சொற்கள்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தடுமாறுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அகராதிக்காரரே கைவிரித்த இடம் அது.

'க்ரோ அப்'புக்கு வருவோம். 'க்ரோ' என்பது வளர்தல். அதற்கு முடிவு என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை: மரம் வளர்கிறது, நகம் வளர்கிறது, கடன் வளர்கிறது. 'க்ரோ அப்' என்றால் முடிவுள்ள வளர்தல். குழந்தையாக இருந்தவர் பெரியவராகிவிடும்வரை உள்ள பயணம். அந்தப் பயணத்துக்குக் கடைசி ஸ்டேஷன் உண்டு, அதைக் காட்டுவதுதான் 'அப்'. லீவுக்கு வந்த மாமா ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து, 'அடேயப்பா, எவ்வளவு வளர்ந்துட்டே!' என்கிறார். ஆங்கிலத்தில் இது 'யூ ஹாவ் க்ரோன்!' மட்டும்தான். இங்கே 'அப்' சேர்த்தால் ஏழு வயதுக்காரன் ஆளாகிவிட்டான் என்று பொருள்படும். அதே பிள்ளை கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், தங்கையின் கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போது மாமா 'யூ ஹாவ் க்ரோன் அப்' என்று சொல்லலாம். தமிழில் அவர் அநேகமாக 'பெரிய மனுஷனாயிட்டே' என்பார். 'வளர்ந்துட்டே' என்பதைவிட இதுதான் 'க்ரோன் அப்'புக்கு நெருக்கம்.

'விடு'வோடு இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஷி இஸ் க்ரோயிங் அப் ஃபாஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். பெண் கடகடவென்று ஆளாகிக்கொண்டு வருகிறாள். தமிழில் 'வளர்ந்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று யாரும் சொல்வதில்லை. நம் 'விடு' காரியத்தை முடிந்ததாகவோ முடியப்போவதாகவோதான் காட்டும். ஆங்கில 'அப்' போகும் வழியிலேயே முடிவைச் சுட்டிக் காட்டும்.

முடிவுள்ள வினை என்பதைப் புரிந்துகொண்டால் எங்கெல்லாம் 'க்ரோ அப்' வராது என்பதும் தெரிந்துவிடும். 'அவர் பிசினஸ் நல்லா வளர்ந்திருக்கு' என்பதை 'ஹிஸ் பிசினஸ் ஹாஸ் க்ரோன் அப்' என்று எழுதுகிறார்கள். வேண்டாம், 'ஹாஸ் க்ரோன்' போதும். வியாபாரத்துக்குக் குழந்தைப் பருவமும் வாலிபமும் இல்லை. விலைவாசி 'க்ரோ அப்' ஆகாது, 'கோ அப்' ஆகும். தலைமுடியும் நகமும் 'க்ரோ' ஆகும், அத்தோடு சரி. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் 'க்ரோ அப்' ஆகலாம். அவற்றுக்குக் குட்டிப் பருவம் இருக்கிறது. அவரைக்கொடி கம்பைப் பிடித்து ஏறுவதை 'தி பீன்ஸ் க்ரூ அப் தி போல்' என்று சொல்வது உண்டு. ஆனால் அது வேறு கதை. அங்கே 'அப்' நிஜமாகவே மேலே போகிறது, கம்போடு சேர்ந்த சொல் அது. வினையின் துணை அல்ல.

இனி, முதலில் பார்த்த பிழைகள். அவற்றுக்குக் காரணம் தமிழ்தான், அதுவும் தமிழின் ஒரு அழகான ஏற்பாடு. 'வளர்ந்தான்', 'வளர்த்தான்'. ஒரு மெய்யெழுத்து மாறியதும் தானாக நடப்பது பிறரால் நடப்பதாகிவிடுகிறது. பிள்ளை வளர்கிறது, தாய் வளர்க்கிறாள். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. 'க்ரோ' என்ற ஒரே சொல் சில இடங்களில் இரண்டுக்கும் வரும்: தக்காளி 'க்ரோஸ்', நானும் தக்காளி 'க்ரோ' செய்கிறேன். நாம் இதைப் பார்த்துவிட்டு, சரி, பிள்ளைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் கோளாறு. ஆங்கிலத்தில் பயிர் பச்சையை 'க்ரோ' செய்யலாம், தாடியை 'க்ரோ' செய்யலாம், ஆய்வுக்கூடத்தில் படிகத்தையும் பாக்டீரியாவையும் 'க்ரோ' செய்யலாம். பிள்ளையைச் செய்யக் கூடாது. 'வி க்ரோ கோட்ஸ்' என்று ஆட்டுக்காரர் சொன்னால், ஆட்டை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதுபோல் இருக்கும். ஆடு மாட்டுக்கு 'ரெய்ஸ்', 'ரியர்', 'கீப்'. 'நாங்க ஒரு நாய் வளர்க்கிறோம்' என்பதற்கு 'வி ஹாவ் எ டாக்' போதும்.

பிள்ளையையும் ஆட்டையும் 'க்ரோ' செய்ய ஆங்கிலம் கூசுவதற்குப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. 'க்ரோ' பிறப்பிலேயே செடிகொடிகளின் சொல். 'கிரீன்', 'கிராஸ்' என்ற பச்சைக்கும் புல்லுக்குமான சொற்களோடு அது ஒரே வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் மனிதரும் விலங்கும் வளர்வதற்குப் பெரும்பாலும் வேறு வினை இருந்தது; இன்றைய ஆங்கிலத்தில் 'வாக்ஸ்' என்று எஞ்சி நிற்பது அதுதான். ஜெர்மன்காரர்கள் இன்னும் அந்தப் பழைய வினையையே 'வாக்ஸென்' என்று வளர்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் நாளடைவில் 'க்ரோ' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது, ஆனால் நிலாவை அதனால் பிடிக்க முடியவில்லை. வளர்பிறை இன்றும் அவர்களுக்கு 'வாக்ஸிங் மூன்'.

பிள்ளைகளை வளர்ப்பதற்கான சொல் 'ப்ரிங் அப்'. 'வளர்ந்தேன்' என்றால் 'ஐ க்ரூ அப்', 'வளர்த்தார்கள்' என்றால் 'தே ப்ராட் மீ அப்', 'வளர்க்கப்பட்டேன்' என்றால் 'ஐ வாஸ் ப்ராட் அப்'. நம் ஊர் பயோடேட்டாக்களில் புகழ்பெற்ற 'பார்ன் அண்ட் ப்ராட் அப் இன் மதுரை' இலக்கணப்படி சரியான தொடர்தான். அதில் குறை காண ஒன்றுமில்லை, சலிப்பைத் தவிர. 'ப்ரிங் அப்'பில் கவனிக்க வேண்டியது 'மீ', 'ஹிம்' போன்ற சிறு சொற்கள் நடுவில்தான் உட்காரும் என்பது: 'ப்ராட் மீ அப்', ஒருபோதும் 'ப்ராட் அப் மீ' அல்ல. அதே 'ப்ரிங் அப்' பேச்சில் ஒரு விஷயத்தைக் கிளப்புவதற்கும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பதற்கும்கூட வரும் என்பதால் சூழல் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

அமெரிக்கர்கள் 'ரெய்ஸ்' என்பதையே அதிகம் சொல்வார்கள்: 'ஐ வாஸ் ரெய்ஸ்ட் பை மை ஆன்ட்'. பன்றியைத்தான் 'ரெய்ஸ்' செய்ய வேண்டும், குழந்தையை 'ரியர்' செய்ய வேண்டும் என்று அங்கே பழைய பள்ளி ஆசிரியர்கள் அதட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் தோற்றார்கள். 'க்ரோ'விலும் இப்படி ஒரு சண்டை நடந்தது. 'க்ரோ தி எகானமி', 'க்ரோ எ பிசினஸ்' என்று பொருளாதாரத்தையும் தொழிலையும் பயிர்போல் வளர்ப்பதாகச் சொல்லும் வழக்கு 1990களில் பரவியது. 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் பில் கிளின்டன் தரப்பில் அடிக்கடி கேட்ட தொடர் அது. நடை பார்த்து எழுதுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று எல்லா நிறுவன அறிக்கையிலும் அது இருக்கிறது. எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் மேலாளர் எழுதினால் திருத்தப் போகாதீர்கள்.

'க்ரோ அப்'புக்குப் பின்னால் என்ன வரும் என்பதில்தான் சொல்லின் நயம் இருக்கிறது. ஊருக்கு முன்னால் 'இன்' வரும் என்பது தெரிந்ததே. 'வித்' வந்தால் கூட வளர்ந்தவர்கள்: 'ஐ க்ரூ அப் வித் த்ரீ பிரதர்ஸ்'. 'ஆன்' வந்தால் எதை உண்டு அல்லது எதில் ஊறி வளர்ந்தோம் என்பது. பழைய சோற்றில் வளர்ந்தவர்கள், அம்புலிமாமாவில் வளர்ந்தவர்கள், எம்.ஜி.ஆர். படத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் இந்த 'க்ரூ அப் ஆன்' பொருந்தும். நேரடியாக ஒரு பெயரடையையோ 'இங்' வடிவத்தையோ ஒட்டினாலும் போதும்: 'ஷி க்ரூ அப் புவர்' என்றால் ஏழ்மையில் வளர்ந்தாள். 'ஐ க்ரூ அப் ஸ்பீக்கிங் டமில்' என்றால் தமிழ் பேசி வளர்ந்தேன். தமிழில் 'வறுமையில்', 'பேசி' என்று வேற்றுமையும் எச்சமும் போட்டுச் சொல்வதை அங்கே ஒரு சொல்லை அருகில் வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

'டு' வரும் இடத்தில் ஒரு பொறி உண்டு. 'ஷி க்ரூ அப் டு பி எ ஜட்ஜ்' என்ற வாக்கியத்தை 'நீதிபதி ஆவதற்காக வளர்ந்தாள்' என்று மொழிபெயர்க்கும் மாணவர்கள் நிறையப் பேர். 'டு' என்றாலே 'அதற்காக' என்று மனப்பாடம் செய்ததன் விளைவு. இங்கே நோக்கம் எதுவும் இல்லை, விளைவு மட்டும்தான்: வளர்ந்து நீதிபதியானாள். திருடனானவனுக்கும் இதே அமைப்புதான் வரும். அவன் தாய் அதற்காகவா வளர்த்தாள்?

குழந்தைகளிடம் நாம் கேட்கிற 'பெரியவனானா என்னவாகப் போறே?' என்பது ஆங்கிலத்தில் 'வாட் டு யூ வாண்ட் டு பி வென் யூ க்ரோ அப்?'. எதிர்காலத்தைப் பற்றிய பேச்சாயிற்றே என்று 'வென் யூ வில் க்ரோ அப்' என்று சொல்லிவிடக் கூடாது. 'வென்' வந்து நேரத்தைக் குறித்துவிட்டால் அந்தப் பகுதியில் 'வில்' வராது.

ஏவலாக வந்தால் இதே சொல்லுக்குச் சுபாவம் மாறிவிடும். 'க்ரோ அப்!' என்று ஒரு பெரியவரைப் பார்த்துச் சொன்னால் அது திட்டு. வயதாகியும் சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொள்கிறாய், புத்தி வரட்டும் என்று பொருள். தமிழில் 'வளர்' என்று யாரையும் திட்ட முடியாது. 'என்ன சின்னப்புள்ளத்தனமா இருக்கு', 'வளர்ந்து கெட்டவனே' என்று வேறு வழியில் போவோம். 'வளர்ந்து கெட்டவன்' என்பதை யோசித்துப் பார்த்தால், 'க்ரோ' ஆகியும் 'க்ரோ அப்' ஆகாதவன் அவன். உடம்பு வளர்ந்தது, காரியம் முடியவில்லை. 'க்ரோ அப்!' என்ற திட்டை ஆங்கிலம் பேசும் நண்பர்களிடமும் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். மேலதிகாரியிடமும் மாமியாரிடமும் வேண்டவே வேண்டாம். படங்களில் கதாநாயகி அடிக்கடி சொல்கிறாள் என்பதால் அது செல்லப் பேச்சு ஆகிவிடாது.

வளராமலே இருந்துவிட விரும்பியவன் ஒருவன் உலகப் புகழ் பெற்றிருக்கிறான். ஜே.எம். பேரியின் 'பீட்டர் பேன்' நாடகம் 1904 டிசம்பரில் லண்டனில் அரங்கேறியது. 'க்ரோ அப்' ஆக மறுத்த பையன் என்பதையே அதற்குத் துணைத் தலைப்பாக வைத்திருந்தார் பேரி. பையன் உயரமாக வளர மறுத்தான் என்று நினைத்தால் நாடகமே கலைந்துபோகும். அவனுக்கு வேண்டாதது அலுவலகம், பொறுப்பு, தாடி. 1983-ல் டான் கைலி என்ற அமெரிக்க உளவியலாளர், பொறுப்பேற்காமல் நழுவும் ஆண்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'பீட்டர் பேன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். மருத்துவப் பட்டியல்களில் அது நோயாக ஏறவில்லை, பேச்சுவழக்கில் ஏறிவிட்டது.

மனிதரை விட்டால் 'க்ரோ அப்' இன்னும் ஓர் இடத்தில் கௌரவமாக வாழ்கிறது. யாரும் திட்டமிட்டுக் கட்டாமல், ஏதோ ஒன்றைச் சுற்றி மெல்ல மெல்ல ஊர் உருவாவதை 'எ டவுன் க்ரூ அப் அரவுண்ட்' என்பார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் இடம் வாங்கினார்கள். அங்கே எழுந்த புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே நெசவாளிகளும் வணிகர்களும் வந்து குடியேற, ஒரு நகரமே முளைத்தது. சென்னையின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை ஆங்கிலத்தில் இல்லை. பழக்கவழக்கங்களுக்கும் கதைகளுக்கும்கூட இது வரும். திடீரென்று, ஒரு மழைக்குள் முளைத்ததுபோல் கட்டடங்கள் வந்துவிட்டால் அது 'ஸ்பிரிங் அப்'. புறவழிச்சாலை ஓரத்து ஹோட்டல்களெல்லாம் 'ஸ்பிரிங் அப்' வகை.

'அப்' போய் வேறு சின்னச் சொல் வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு ஜவுளிக்கடைக்குப் போக வேண்டும். தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்போது, 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க' என்று சொல்லாத தாய் உண்டா? அந்தச் சட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் 'ஹி வில் க்ரோ இன்டு இட்' என்பார்கள். இன்று தொளதொளவென்று இருக்கும், பிள்ளை வளர்ந்து சட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த வருடம் அதே சட்டை தொப்புளுக்கு மேல் ஏறிவிட்டது. 'ஹி ஹாஸ் க்ரோன் அவுட் ஆஃப் இட்', சட்டையை விட்டு வெளியே வளர்ந்துவிட்டான். உள்ளே போனதும் வெளியே வந்ததும் பிள்ளைதான். ஆங்கிலத்தில் சட்டை ஒரு பாவமும் அறியாது. நாம் என்ன சொல்கிறோம்? 'சட்டை சின்னதாப் போச்சு.' பழி சட்டை மேல். தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் போனால் 'தி ஷர்ட் பிகேம் ஸ்மால்' என்று வரும். கேட்கிற ஆங்கிலேயர், துவைத்ததில் சுருங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த இரண்டும் துணியோடு நிற்பதில்லை. பதவிக்குப் புதிதாக வந்தவர் முதலில் தடுமாறி, பிறகு அதற்குத் தக்கவராகிவிட்டால் 'ஷி க்ரூ இன்டு தி ஜாப்'. விரல் சூப்பும் பழக்கமோ, இருட்டைக் கண்டு பயமோ, சில பிள்ளைகளுக்கு வரும் இழுப்போ வயது ஏற ஏறப் போய்விட்டால் 'க்ரோ அவுட் ஆஃப்'. 'வயசாக வயசாகச் சரியாப் போயிடும், கவலைப்படாதீங்க' என்று குழந்தை மருத்துவர் சொல்வதன் ஆங்கிலம் அதுதான்: 'ஹி வில் க்ரோ அவுட் ஆஃப் இட்'. ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்து வருவதற்கும் அதையே சொல்வார்கள். ஒரு டீக்கடைப் பேச்சிலிருந்து பிறந்த புத்தகம் அந்தப் பேச்சிலிருந்து 'க்ரூ அவுட்' ஆனது.

எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்தது 'க்ரோ ஆன்'. ஏ.ஆர். ரஹ்மான் பாட்டு ஒன்று வெளியான அன்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். 'கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்', 'ஸ்லோ பாய்சன்' என்று அதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தி சாங் இஸ் க்ரோயிங் ஆன் மீ'. பாட்டு என் மேல் படர்ந்து வளர்கிறது என்று சொல்லமைப்பு. இதில் எழுவாய் எப்போதும் பிடித்துப்போன பொருள், நாம் அல்ல. மாற்றி 'ஐ க்ரூ ஆன் தி சாங்' என்று சொன்னால், ரொட்டியில் பூஞ்சைபோல நீங்கள் பாட்டின் மேல் முளைத்துவிட்டீர்கள் என்று ஆகும். முதல் பார்வையிலேயே பிடித்துப்போன எதற்கும் இது வராது. ஆரம்பத்தில் கொஞ்சமாவது பிடிக்காமலோ அலட்சியமாகவோ இருந்திருக்க வேண்டும். புது ஊர், புது மருமகள், பாகற்காய், கசப்புக் காப்பி எல்லாம் 'க்ரோ ஆன்' ஆகக்கூடியவை. இந்த அனுபவத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர். அர்த்தமற்ற சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களின் படங்களையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிக முறை பார்த்தவை அதிகம் பிடித்துப்போயின. 1968-ல் அதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். வானொலிக்காரர்களும் விளம்பரக்காரர்களும் ஆய்வுக்குக் காத்திராமலே அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

மற்றவை சிக்கலில்லாதவை. வெட்டிய முடி திரும்ப வளர்வதும், அறுந்த பல்லியின் வால் முளைப்பதும் 'க்ரோ பேக்'. சண்டை ஏதும் இல்லாமலே நண்பர்களோ தம்பதியரோ விலகிப்போவது 'க்ரோ அப்பார்ட்'; இதில் யார் மேலும் குற்றம் இல்லை என்ற தொனி இருப்பதால் விவாகரத்துச் செய்திகளில் பிரபலங்களுக்குப் பிடித்த சொல். 'க்ரோ ஓல்ட்', 'க்ரோ டார்க்' என்று வருபவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அங்கே 'க்ரோ' என்பது 'ஆகு' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை: மூப்படைதல், இருட்டாகுதல். ஒரே கோடை விடுமுறையில் பையன் பனைமரமாக உயர்ந்துவிட்டால் 'ஹி ஹாஸ் ஷாட் அப்'. இதை மட்டும் சற்று எச்சரிக்கையாகக் கையாளுங்கள். 'ஹி ஷூட்ஸ் அப்' என்றால் போதை ஊசி போட்டுக்கொள்கிறான் என்றும் பொருள் உண்டு.

சட்டத்தின் கண்ணில் பெரியவராவதற்கு 'க்ரோ அப்' உதவாது. அதற்கு 'கம் ஆஃப் ஏஜ்'. இங்கிலாந்தில் அந்த வயது நெடுங்காலம் 21 ஆக இருந்து, 1969-ல் இயற்றிய சட்டத்தால் 18 ஆகக் குறைந்தது. 'பையன் மேஜராயிட்டான்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், போலீஸ் ஸ்டேஷனில் காதல் திருமணப் பஞ்சாயத்துகளில் முதலில் கேட்கும் சொல்லே அதுதான். இதை அப்படியே 'ஹி பிகேம் எ மேஜர்' என்று வெளியூரில் சொன்னால் பையன் ராணுவத்தில் பதவி உயர்வு பெற்றதாக வாழ்த்துவார்கள்.

கடைசியாக, பெயர்ச்சொல். 'க்ரோன்-அப்' என்றால் பெரியவர், 'க்ரோன்-அப்ஸ்' என்றால் பெரியவர்கள். இது குழந்தைகளின் சொல், அல்லது குழந்தைகளோடு பேசும்போது பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் சொல். செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் எதிர்ப்பட்டிருக்கும். கதை சொல்பவர் பெரியவர்களைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கிண்டல் செய்வதற்கு வேறு சொல் சரிப்படாது. அலுவலகக் கடிதத்தில், வங்கிப் படிவத்தில் 'அடல்ட்' என்றே எழுதுங்கள். டிக்கெட் கவுன்டரில் 'டூ க்ரோன்-அப்ஸ்' என்று கேட்டால் உள்ளே இருப்பவர் சிரிப்பார். உச்சரிப்பிலும் வினையும் பெயர்ச்சொல்லும் வேறு. வினையாக வரும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும்: 'ஐ க்ரூ *அப்*'. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசைக்குப் போய்விடும்: '*க்ரோன்*-அப்'. தொலைபேசியில் இது கலைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஆனால் எதிர்முனையில் இருப்பவர் ஒரு நொடி தயங்குவார்.